பல்லவியை மட்டும் வெட்டி எடுக்காதீர்கள்

காரைக்குடியில் பிள்ளைகளுக்கு வாய்ப்பாட்டுச் சொல்லிக்கொடுக்கும் என்னிடம், பள்ளி ஆண்டு விழாக் காலம் வந்தால் பெற்றோர் கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான்: "ரெண்டு நிமிஷந்தான் டீச்சர் நேரம், அந்த உச்சத்துல வர்ற இடத்தை மட்டும் சொல்லிக்கொடுத்துடுங்க." அப்படிக் கேட்கப்படும் பாடல்களில் முதன்மையானது, 2013-இல் வெளிவந்த 'ஃப்ரோசன்' என்னும் அசைபடத்தின் 'லெட் இட் கோ'. கிறிஸ்டன் ஆண்டர்சன் லோபஸும் ராபர்ட் லோபஸும் எழுதி மெட்டமைத்த அந்தப் பாடலின் உயிர், பெற்றோர் வேண்டாமென்று ஒதுக்கும் தொடக்கத்தில்தான் இருக்கிறது.

நம் கணக்கில் சொன்னால், பாடல் நான்கு கட்டைச் சுருதியில் (மேற்கத்திய முறையில் F), தாழ்ந்த ஸ்தாயியில், நாலைந்து ஸ்வரங்களுக்குள்ளேயே ஒடுங்கித் தொடங்குகிறது. படத்தில் இதைப் பாடுபவள் எல்சா. பனியை உருவாக்கும் தன் ஆற்றலை யாருக்கும் காட்டாமல் மூடி வைத்தே வளர்ந்த அவள், அந்த இடத்தில் குரலையும் மூடியே வைத்திருக்கிறாள். நடபைரவி ராகத்தின் சாயலில் செல்லும் அந்த மெட்டு, பல்லவிக்கு வரும்போது ஐந்தரைக் கட்டையை ஆதாரமாகக் கொண்டு சங்கராபரண ராகமாகிவிடுகிறது. ஆதார ஸ்வரத்தை மாற்றி வேறு ராகத்தைப் பெறும் கிரக பேதம் கற்றவர்களுக்கு இது உடனே பிடிபடும்: நடபைரவியின் மூன்றாம் ஸ்வரமான காந்தாரத்தை (க) ஷட்ஜமாக (ச) வைத்துக்கொண்டால் கிடைப்பது சங்கராபரணமே. மெட்டு பெரும்பாலும் அதே ஏழு ஸ்வரங்களில்தான் நடக்கிறது. புதிதாக எதுவும் வந்து சேரவில்லை, நிற்கும் இடம் மட்டுமே மாறியிருக்கிறது. எல்சாவும் புதிய ஆற்றல் எதையும் பெற்றுவிடவில்லை. அஞ்சி ஒளித்த அதே ஆற்றலின் மேல் இப்போது காலூன்றி நிற்கிறாள். பாத்திரத்தின் வளர்ச்சியை இவ்வளவு நேராக ஸ்வரத்தில் எழுதிய பாடல்கள் மிகக் குறைவு என்பது என் எண்ணம். முதலில் தீயவளாகத் திட்டமிடப்பட்டிருந்த எல்சாவின் பாத்திரத்தையே இந்தப் பாடல் பிறந்த பிறகுதான் படக்குழுவினர் மாற்றி எழுதினார்கள் என்பதையும் இங்கே நினைக்க வேண்டும்.

சென்ற ஆண்டு ஒன்பது வயது மாணவி ஒருத்தி, எங்கள் வீட்டுப் பட்டாலையில் (கூடத்தில்) இதை முழுவதுமாகப் பாடிப் பழகினாள். துணைக்கு வந்திருந்த அவளுடைய அப்பத்தாவுக்கு ஆங்கிலம் தெரியாது, படத்தையும் பார்த்ததில்லை. பல்லவி தொடங்கியதும் அவர், "மொதல்ல என்னத்தையோ பொத்திப் பொத்திப் பாடுச்சு, இப்பத்தான் வாயத் தொறந்துருக்கு" என்றார். தொடக்கத்தை வெட்டியிருந்தால் அவருக்கு அது எட்டியிருக்காது.

இன்னொன்று, தொண்டையைப் பற்றியது. கீழ் ச முதல் மேல் ச வரை ஒரு ஸ்தாயி என்றால், இப்பாடலின் வீச்சு இரண்டு ஸ்தாயிக்குச் சற்றே குறைவு. முதிர்ந்த குரலுக்கு எழுதப்பட்ட அதை அதே சுருதியில் பாடச் சொன்னால், கீழே குரல் எழாமலும் மேலே கத்தியும் பிள்ளைகள் திணறுகிறார்கள். விழாவுக்கு இரண்டு நாள் முன்பு தொண்டை கட்டிக்கொண்டு வருபவர்களை ஆண்டுதோறும் பார்க்கிறேன். தொடக்கம் இயல்பாகக் கேட்கும்படி சுருதியை அமைத்துவிட்டு, எட்டாத உச்ச ஸ்வரங்களைத் தாழ்த்திப் பாட விடுங்கள். நேரம் போதாதென்றால் நடுவில் ஒரு பகுதியைக் குறைத்துக்கொள்ளலாம். குரல் கரகரத்துவிட்டால் பயிற்சியை நிறுத்துங்கள். இரண்டு வாரம் கடந்தும் சரியாகாவிட்டால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள்.

கடைசி வரியையும் பிள்ளைகள் உரக்கப் பாடியே முடிக்கப் பார்க்கிறார்கள். படத்திலோ, உச்சத்தில் நீண்டு நின்ற குரல் அந்த வரியில் சட்டென்று பேச்சின் அளவுக்கு இறங்கிவிடும். உடனே கதவு சாத்தப்படும். அந்த இறக்கம் வரும்வரை, அந்த வரியைப் பாடவே விடாமல் பக்கத்தில் இருப்பவரிடம் பேசுவதுபோலச் சொல்ல வைத்து, அதன் பிறகுதான் ஸ்வரத்தில் ஏற்றுகிறேன்.