பிளாக், வலைப்பூ, வலைப்பதிவு: இயற்கையை எழுதுவோருக்கு ஒரு சொல் விளக்கம்

பறவை, பூ, பூச்சி, மழை என்று கண்ணில் பட்டதை எழுதியும் வரைந்தும் படமெடுத்தும் இணையத்தில் வெளியிடுவோர் தமிழில் பலர் இருக்கிறார்கள். தம் பக்கத்தைச் சிலர் பிளாக் என்கிறார்கள், சிலர் வலைப்பூ என்கிறார்கள், இன்னும் சிலருக்கு அது வலைப்பதிவு. மூன்றும் வழக்கில் உள்ளவை, மூன்றும் ஒன்றையே குறிப்பவை. இயற்கையை எழுதுபவருக்கு இவற்றில் எது நெருக்கமானது என்பதற்கு விடை, பிளாக் என்ற சொல் வந்த வழியிலேயே இருக்கிறது.

பிளாக், வெப்லாக் என்பதன் சுருக்கம். வெப் என்பதன் கடைசி ஒலி லாக் என்பதோடு ஒட்டிக்கொண்டது. வெப்லாக் என்ற பெயரை 1997 டிசம்பரில் வழங்கத் தொடங்கியவர் ஜார்ன் பார்கர் என்ற அமெரிக்கர். 1999-இல் பீட்டர் மெர்ஹோல்ஸ் அதை விளையாட்டாக ‘வீ பிளாக்’ என்று பிரித்து எழுதினார். அதே ஆண்டு ஆகஸ்டில் பிளாக்கர் என்ற சேவை தொடங்கப்பட, குட்டிச் சொல் உலகமெங்கும் பரவியது.

லாக் என்பதன் கதை இதைவிடப் பழையது. அதற்கு மரக்கட்டை என்று பொருள். பாய்மரக் கப்பலின் வேகத்தை அறிய, முடிச்சுகள் போட்ட நீண்ட கயிற்றின் நுனியில் ஒரு மரத்துண்டைக் கட்டிக் கடலில் வீசுவார்கள். மணற்கடிகை வடிந்து முடிவதற்குள் எத்தனை முடிச்சுகள் கையை விட்டு ஓடின என்று எண்ணுவார்கள். கப்பலின் வேகத்தை இன்றும் ‘நாட்’, அதாவது முடிச்சு, என்ற அலகில் சொல்வது இதனால்தான். ஒரு நாட் என்பது மணிக்கு 1.852 கிலோமீட்டர். இந்தக் கணக்கை எழுதி வைத்த ஏடு லாக்புக் ஆயிற்று. வேகத்தோடு காற்றின் திசை, வானிலை, கண்ணுக்குத் தெரிந்த கரை எல்லாம் நாள்தோறும் அதில் ஏறின. என்று, எங்கே, எந்த வானிலையில், என்ன கண்டேன் என்று எழுதுவதுதான் லாக். இயற்கையை எழுதுபவரின் வேலையும் அச்சு அசலாக இதுவே.

இனித் தமிழுக்கு வருவோம். வெப் என்பது ஆங்கிலத்தில் சிலந்தி பின்னுவது. மீனவர் வீசுவதற்கு அங்கே வேறு சொல். தமிழில் இரண்டுமே வலை என்பதால் வையவிரிவலை, வலைத்தளம், வலைப்பக்கம் என்று சொற்கள் தடையின்றிப் பிறந்தன. அந்த வரிசையில் வந்ததுதான் வலைப்பூ. சொல்வதற்கு இனிமையான பெயர். ஒருவர் தாமாக எழுதி, தாமாக வெளியிட்டு, அதை யாரோ ஒருவர் வந்து பார்க்கும்போது உண்டாகும் மகிழ்ச்சி அந்தப் ‘பூ’வில் இருக்கிறது. அதைக் கைவிடச் சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் சொல் என்ற அளவில் அது கிளைப்பதில்லை. எழுதுகிறவரையோ எழுதும் செயலையோ குறிக்க அதிலிருந்து ஒரு சொல் வரவில்லை.

பதிவு அப்படியில்லை. பதிவர், பதிவிடு, பதிவேற்று என்று அது தழைத்துக்கொண்டே போகிறது. அதன் வேரான ‘பதிதல்’ அழுந்துதல், ஊன்றுதல் என்ற பொருள் தருவது. ஈரமண்ணில் கால் பதிகிறது, சொன்னது மனத்தில் பதிகிறது. மரக்கிளையை வளைத்து மண்ணில் ஊன்றி வேர்விடச் செய்வது பதியம். பதிவிருத்தல் என்றால் பதுங்கிக் காத்திருத்தல். மீன்கொத்தி தன் கிளைக்குத் திரும்பும் வரை அசையாமல் உட்கார்ந்திருப்பவருக்கு இதைவிடப் பொருத்தமான சொல் எங்கே கிடைக்கும்? காத்திருப்பதும் எழுதி வைப்பதும் ஒரே சொல்லுக்குள் அடங்கிவிடுகின்றன.

இந்தப் பதியும் பழக்கம் நமக்குப் புதிதன்று. குறுந்தொகையின் 66-ஆம் பாட்டில், தலைவன் வருவதாகச் சொன்ன கார்காலம் வருவதற்கு முன்பே கொன்றை பூத்துவிடுகிறது. தலைவி கலங்குகிறாள். இது வம்ப மாரி, காலமல்லாக் காலத்து மழை, அதைக் கார் என்று நம்பி ஏமாந்து பூத்துவிட்டது இந்தப் பேதைக் கொன்றை என்று தோழி தேற்றுகிறாள். ஆறுதல் சொல்வதற்கே பூக்கும் பருவத்தைத் துல்லியமாகத் தெரிந்திருக்க வேண்டியிருக்கிறது! இன்று கேரளத்தில் விஷுவுக்கு வெகு முன்பே கணிக்கொன்றை பூத்து உதிர்வதைப் பற்றிப் பேசுகிறார்கள். நம் தெருமுனைக் கொன்றை எந்த வாரம் பூத்தது என்று ஆண்டுதோறும் நாம் எழுதி வைத்திருந்தால் அந்தப் பேச்சில் நமக்கும் ஓர் இடம் உண்டு.

அப்படி எழுதி வைத்த ஒருவர் ஹென்றி டேவிட் தோரோ. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் உள்ள கான்கார்ட் ஊரில், 1850-களில், எந்தச் செடி எந்த நாளில் முதற்பூ விட்டது என்று குறித்துக்கொண்டே வந்தார். ஒன்றரை நூற்றாண்டு கழித்து, பாஸ்டன் பல்கலைக்கழகத்தின் ரிச்சர்ட் பிரிமாக்கும் அவருடன் பணியாற்றியவர்களும் அந்தக் குறிப்புகளை இன்றைய பூப்போடு ஒப்பிட்டார்கள். பூக்கும் நாள் சராசரியாக ஒரு வாரம் முன்னே வந்திருந்தது. புவி வெப்பமாவதற்கு அந்தக் குறிப்பேடு சான்றாயிற்று. தோரோ தேதி போடாமல் வர்ணனை மட்டும் எழுதியிருந்தால் இது நடந்திருக்காது.

நம் பக்கத்தில் மா. கிருஷ்ணன். நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன். கல்கத்தாவின் ‘தி ஸ்டேட்ஸ்மன்’ நாளிதழில் 1950 முதல் 1996-இல் மறையும் வரை இயற்கை பற்றிய பத்தியை எழுதிவந்தார். தமிழிலும் எழுதினார், வரைந்தார், கறுப்பு வெள்ளையில் படமெடுத்தார். இணையம் இல்லாத காலத்து வலைப்பதிவர் என்றே அவரைச் சொல்வேன். அணிலும் காகமும்கூட அவருக்கு எழுதத் தகுந்தவையாக இருந்தன.

அவருக்குக் கிடைக்காத ஒன்று நமக்குக் கிடைத்திருக்கிறது: உடனடி மறுமொழி. பெயர் தெரியாத அந்துப்பூச்சியின் படத்தை இரவில் போட்டால், விடிவதற்குள் வேறு மாவட்டத்திலிருந்து ஒருவர் அதன் பெயரையும் அதன் புழு எந்த இலையைத் தின்னும் என்பதையும் எழுதியிருப்பார். மறுநாள் அந்தச் செடியைத் தேடிப் போகிறோம், புழுவும் இருக்கிறது. வாசகர் தந்த இத்தகைய மறுமொழியைத்தான் பதிவுலகம் ‘பின்னூட்டம்’ என்றது. ஊட்டம் என்ற சொல் அதில் வீணாக வந்து உட்காரவில்லை.

ஒன்றை மட்டும் பதியக் கூடாது, கூடு இருக்கும் இடம். பகிர்ந்த படத்தைப் பார்த்துக் கூட்டம் கூடினால் தாய்ப்பறவை முட்டையை விட்டுப் போய்விடக்கூடும். அரிய உயிர்களைத் தேடிப் பிடிப்பவர்களும் இணையத்தைப் பார்க்கிறார்கள். பறவை நோக்குவோர் பயன்படுத்தும் இபேர்டு தளமே ஆபத்துக்குள்ளாகும் சில இனங்களைக் கண்ட இடத்தைப் பொதுப்பார்வைக்கு மறைத்துவிடுகிறது. நாமும் மாவட்டப் பெயரோடு நிறுத்திக்கொள்ளலாம். கைப்பேசிப் படத்துக்குள் இடக்குறிப்பு தானாகவே ஒளிந்திருக்கும், அதை நீக்கிவிட்டு ஏற்றுவது நல்லது.

வழக்குக்கு என் பரிந்துரை இது. முழுத் தளத்தையும் வலைப்பதிவு என்போம், செல்லமாக வலைப்பூ என்றாலும் சரி. அதில் ஏற்றும் ஒவ்வொரு துண்டும் இடுகை. இரண்டையுமே ‘பதிவு’ என்று சொல்லிக் குழப்பிக்கொள்கிறோம், இடுகை என்ற சொல் அந்தக் குழப்பத்தைத் தீர்க்கும். நேச்சர் பிளாக்கர் என்பவர் இயற்கைப் பதிவர். ஒவ்வோர் இடுகையின் தலையிலும் நாள், பொழுது, ஊர், வானிலை ஆகியவற்றை ஒரு வரியில் எழுதிவிட்டு, கவிதையோ ஓவியமோ படமோ அதன்பின் வரட்டும்.