அர்ஜினைன் பவுடரால் பிள்ளை வளராது

மறுபடியும் ஒரு பிள்ளை. ஒன்பது வயது, பள்ளியில் உயரப்படி வரிசை நின்றால் முதல் ஆள். ஒன்றரை வருஷமாக, அர்ஜினைன் என்ற அமினோ அமிலம் கலந்த ‘ஹைட் பவுடர்’ கொடுத்திருக்கிறார்கள். தோல் வறண்டு கிடக்கிறது, மலச்சிக்கல், கழுத்தைத் தொட்டாலே தைராய்டு வீங்கியிருப்பது தெரிகிறது. தைராய்டு சரியாகச் சுரக்காதபோது இரத்தத்தில் ஏறும் டிஎஸ்எச் நூறைத் தாண்டியிருந்தது. காலையில் வெறும் வயிற்றில் ஒரு சின்ன தைராய்டு மாத்திரை, விலையும் மலிவு, அதைத் தொடங்காமல் போன காலத்தின் வளர்ச்சி முழுசாகத் திரும்பும் என்று என்னால் உறுதி கொடுக்க முடியவில்லை.

பெற்றோர் அலட்சியமானவர்கள் இல்லை. அப்பா செல்போனை நீட்டிக் கேட்டார்: “டாக்டர், நீங்களே டெஸ்ட்டுக்கு அர்ஜினைன்தானே ஏத்துறீங்க?”

ஏற்றுகிறோம். உயரத்தைக் கூட்டும் க்ரோத் ஹார்மோன் சுரக்கிறதா என்று பார்க்கும் சோதனைகளில் அதுவும் ஒன்று. கிலோவுக்கு அரை கிராம், அதாவது 20 கிலோ பிள்ளைக்கு 10 கிராம், அரை மணி நேரத்தில் நேராக இரத்தக்குழாயில் ஏறும். அப்படி மொத்தமாக ஏறும்போது மூளையின் ஹைபோதாலமஸ் பகுதி சோமாடோஸ்டாட்டின் என்ற ஹார்மோனால் போட்டு வைத்திருக்கும் தடை தளர்கிறது, அதன் கீழே இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி ஏற்கெனவே சேர்த்து வைத்த க்ரோத் ஹார்மோனை வெளியே விடுகிறது, கொஞ்ச நேரத்தில் எல்லாம் பழைய அளவுக்கு இறங்கிவிடுகிறது. பானையில் தண்ணீர் இருக்கிறதா என்று தட்டிப் பார்க்கிறோம், அவ்வளவுதான்; தட்டினால் தண்ணீர் ஊறாது. டெஸ்ட் முடிந்து வீட்டுக்குப் போன எந்தப் பிள்ளையும் அதனால் வளர்ந்ததில்லை. இதையே வாயால் கொடுத்தால் குடலும் கல்லீரலும் கணிசமான பங்கை வழியிலேயே உடைத்துவிடும். இதில் தினம் ஒரு ஸ்பூன் எதற்கு?

அப்புறம் பவுடர் விற்பவர்கள் சொல்லும் நைட்ரிக் ஆக்சைடு கதை: அர்ஜினைனிலிருந்து உடம்பில் உண்டாகும் அந்த வாயு க்ரோத் ஹார்மோனைக் கூட்டுமாம். அர்ஜினைனிலிருந்துதான் உடம்பு அதைத் தயாரிக்கிறது என்பது உண்மை, பிட்யூட்டரியிலும் அதற்கான என்சைம் இருக்கிறது. சில நொடிகளே தாங்கும் இந்த வாயு, இரத்த நாளங்களில் செய்தி கடத்துகிறது என்று கண்டறிந்ததற்கு 1998-இல் நோபல் பரிசே கொடுத்தார்கள். ஆனால் பிட்யூட்டரி செல்களில் அது க்ரோத் ஹார்மோனைக் கூட்டுகிறது என்று சொல்லும் ஆய்வுகளும் உண்டு, குறைக்கிறது என்று சொல்பவையும் உண்டு. ஆய்வகத்திலேயே இழுபறியாக இருப்பதை டப்பாவில் ‘உயரம் கூடும்’ என்று அச்சடித்து விற்கிறார்கள், அதுவும் பிள்ளைகளுக்கு.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை செருப்பில்லாமல், குதிகால் சுவரில் ஒட்ட நிறுத்தி ஒரு கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். நாலு வயதுக்கு மேல் வருஷத்துக்கு 5 செ.மீ.க்குக் குறைவாக வளர்ந்தால் கூட்டிவாருங்கள். ‘நாங்களும் குட்டைதானே’ என்று நீங்களே தீர்ப்பு எழுதாதீர்கள். தைராய்டு, இரத்தசோகை, கோதுமை ஒத்துக்கொள்ளாத சீலியாக், பெண் பிள்ளைகளுக்கு டர்னர் என்ற குரோமோசோம் குறைபாடு எல்லாம் பார்க்க வேண்டியிருக்கிறது. எலும்பின் வயது தெரிய இடது கைக்கு ஒரு எக்ஸ்ரே. லேபில் நீங்களாகப் போய் க்ரோத் ஹார்மோன் அளவு பார்க்காதீர்கள், அது வீண் செலவு. விட்டு விட்டுச் சுரக்கும் ஹார்மோன் அது, அதிகம் சுரப்பதே ஆழ்ந்த தூக்கத்தில். பகலில் எடுத்தால் நன்றாக வளரும் பிள்ளைக்கும் பூஜ்யத்தை ஒட்டித்தான் வரும்.

ஒன்றைக் கெஞ்சிக் கேட்கிறேன். பெண் பிள்ளை வயதுக்கு வந்த பிறகு பொதுவாக 5 முதல் 7 செ.மீ. வளர்ச்சிதான் மிச்சம் இருக்கும். சந்தேகம் இருந்தால் அதற்கு முன்பே வாருங்கள், பரீட்சை முடியட்டும், லீவு வரட்டும் என்று தள்ளாதீர்கள்.