தெரியும் என்பது மூளைக்கு எப்படித் தெரிகிறது?

ஜார்ஜ்டவுனில் இரவு நேரக் கூட்டம் நிரம்பிய ஒரு மாமாக் கடையில், ஆறு பேர் அமர்ந்த மேசைக்கு வரும் பணியாளர் தாளும் பேனாவும் இல்லாமல் எல்லாவற்றையும் காதிலேயே வாங்கிக்கொள்கிறார்: இரண்டு தே தாரிக், அதில் ஒன்றுக்குச் சீனி குறைவு, ஒரு கோப்பி ஓ, ஒரு மைலோ, இரண்டு ஐஸ் லீமாவ். நான்கு எட்டு நடந்தவர் திரும்பி வந்து, மைலோ கேட்டவரிடம் மட்டும், "அண்ணே, உங்களுக்குச் சூடா, ஐஸா?" என்று கேட்டுவிட்டுப் போகிறார். மற்ற ஐவரிடம் அவர் எதையும் கேட்கவில்லை. ஆறு பானங்களையும் நினைவில் வைத்திருப்பது ஒரு வேலை என்றால், அந்த ஆறில் எது சரியாகப் பதிந்திருக்கிறது, எது பதியவில்லை என்று தன் நினைவையே சரிபார்த்துக்கொள்வது வேறொரு வேலை. இந்த இரண்டாவது வேலையைத்தான் உளவியலாளர்கள் மீயறிதல் என்கிறார்கள். 1970களில் அமெரிக்க உளவியலாளர் ஜான் ஃபிளாவெல் இதைத் தனி ஆய்வுப் பொருளாக நிலைநிறுத்தினார்.

அதற்கு முன்பே, 1965இல், ஜோசப் ஹார்ட் இதை ஆய்வுக்கூடத்தில் சோதித்திருந்தார். பொது அறிவுக் கேள்விக்கு விடை வராத ஒருவரிடம், நான்கு விடைகளைக் காட்டினால் சரியானதைக் கண்டுபிடித்துவிடுவீர்களா என்று கேட்டார். "தொண்டையில் நிற்கிறது, வாயில் வரமாட்டேன் என்கிறது" என்ற நிலையில் இருந்தவர்கள், பிறகு விடைகளைப் பார்த்தபோது பெரும்பாலும் சரியானதையே காட்டினார்கள். சுத்தமாகத் தெரியாது என்றவர்கள் அந்த அளவுக்குக் காட்டவில்லை. விடையே கைக்கு வராத நேரத்திலும், விடை உள்ளே இருக்கிறதா இல்லையா என்பதைப் பற்றிய தகவல் மூளைக்குக் கிடைக்கிறது என்பதுதான் இதன் பொருள்.

இதை அளப்பது எளிதன்று. எஸ்.பி.எம். தேர்வுக்குத் தயாராகும் படிவம் ஐந்து மாணவர் இருவர், வரலாற்றுப் பாடத்தில் 40 கேள்விகள் கொண்ட ஒரு பயிற்சித்தாளை எழுதி, இருவரும் 28 சரியாகப் பெற்றார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு விடைக்கும் பக்கத்தில் "உறுதி" அல்லது "சந்தேகம்" என்று குறிக்கச் சொல்லியிருந்தோம். முதல் மாணவி தவறவிட்ட 12 கேள்விகளில் பத்துக்குச் சந்தேகம் என்று குறித்திருக்கிறாள். இரண்டாமவன் நாற்பதுக்கும் உறுதி என்றே குறித்திருக்கிறான். மதிப்பெண் ஒன்றுதான், ஆனால் தேர்வுக்கு முந்திய வாரத்தில் எந்தப் பக்கத்தைத் திருப்ப வேண்டும் என்பது அவளுக்குத் தெரியும், அவனுக்குத் தெரியாது. நம் தேர்வுமுறை விடைகளை எண்ணுகிறதே தவிர இந்த வேறுபாட்டைக் கண்டுகொள்வதே இல்லை என்பது என் நெடுநாள் குறை. இருவரும் ஒரே மதிப்பெண் பெற்றதால்தான் இங்கே ஒப்பிட முடிந்தது. ஒருவர் 35, மற்றவர் 20 என்றிருந்தால், உறுதியைக் குறிப்பதில் தெரியும் வேறுபாடு பாட அறிவால் வந்ததா, தன்னை மதிப்பிடும் திறனால் வந்ததா என்று பிரித்துச் சொல்ல முடியாது.

லண்டன் யுனிவர்சிட்டி காலேஜைச் சேர்ந்த அறிதல் நரம்பியலாளர் ஸ்டீபன் ஃபிளெமிங், சக ஆய்வாளர்களுடன் 2010இல் 'சயின்ஸ்' இதழில் வெளியிட்ட ஆய்வு இந்தச் சிக்கலை அவிழ்த்த விதம் நேர்த்தியானது. 32 பேர் கலந்துகொண்டார்கள். திரையில் ஆறு கோடிட்ட திட்டுகள் ஒரு கணம் தோன்றி மறையும். பிறகு மீண்டும் ஆறு தோன்றி மறையும். இரண்டு முறையில் ஏதோ ஒன்றில், ஒரு திட்டு மட்டும் மற்றவற்றைவிடச் சற்றே அழுத்தமாக இருக்கும். அது முதல் முறையா, இரண்டாம் முறையா என்று சொல்ல வேண்டும். சொன்ன விடையில் எவ்வளவு உறுதி என்பதை 1 முதல் 6 வரையிலான எண்ணால் குறிக்க வேண்டும். சரியாகச் சொல்லச் சொல்லக் கணினி அந்த அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டே போகும். தவறினால் கூட்டிக் கொடுக்கும். இப்படிச் செய்ததால் கூர்மையான பார்வை உள்ளவரும் மங்கலான பார்வை உள்ளவரும் ஏறத்தாழ 71 விழுக்காடு சரி என்ற ஒரே நிலையில் நிறுத்தப்பட்டார்கள். பார்க்கும் திறன் சமமாக்கப்பட்ட பிறகு எஞ்சிய வேறுபாடு ஒன்றுதான்: சரியாகச் சொன்னபோது உயர்ந்த எண்ணையும், தவறியபோது தாழ்ந்த எண்ணையும் யார் எவ்வளவு சரியாகக் கொடுக்கிறார்கள் என்பது.

இந்த வேறுபாடு ஆளுக்கு ஆள் பெரிதாக இருந்தது. எம்.ஆர்.ஐ. படங்களோடு ஒப்பிட்டபோது, நெற்றிக்கு நேர் பின்னால், மூளையின் முன்கோடியில், குறிப்பாக வலப்பக்கத்தில், சாம்பல்நிறப் பொருளின் கன அளவு கூடுதலாக இருந்தவர்கள் தங்களைத் துல்லியமாக மதிப்பிட்டதும் தெரிந்தது. இதைப் படித்ததும் "தன்னை அறியும் இடம் கண்டுபிடிப்பு" என்று தலைப்பு எழுதக் கை துறுதுறுக்கும். ஆனால் ஆய்வு காட்டியது ஒரு தொடர்பை மட்டுமே. அந்தப் பகுதி பெரிதாக இருப்பதால் மதிப்பீடு கூர்மையானதா, மதிப்பிட்டுப் பழகியதால் அது பெரிதானதா என்பதை ஒரு படத்திலிருந்து சொல்ல இயலாது.

காரணத்தை நோக்கி ஓரடி நெருங்க, அந்தப் பகுதி சேதமடைந்தவர்களைப் பார்க்க வேண்டும். ஃபிளெமிங் குழுவினர் 2014இல் 'பிரெய்ன்' இதழில் வெளியிட்ட ஆய்வில், மூளையின் முன்கோடியில் காயம் கொண்ட நோயாளிகள் கண்ணால் பார்த்து முடிவு சொல்லும் சோதனையை மற்றவர்களைப் போலவே செய்தார்கள். ஆனால் தங்கள் முடிவு சரியா தவறா என்று பிரித்துணர்வதில் பின்தங்கினார்கள். வியப்பு அதற்கு மேல்தான். அதே நோயாளிகள், மனப்பாடம் செய்த சொற்களைப் பற்றிய தங்கள் உறுதியை நன்றாகவே மதிப்பிட்டார்கள். ஆகவே, எல்லாவற்றையும் கண்காணிக்கும் ஒற்றை மேலாளர் ஒருவர் தலைக்குள் உட்கார்ந்திருக்கவில்லை. நினைவைப் பற்றிய மதிப்பீட்டில் உச்சந்தலைக்குக் கீழே, இரு அரைக்கோளங்களும் எதிரெதிரே நோக்கும் உட்புறத்தில் உள்ள பிரிகூனியஸ் என்ற பகுதிக்குப் பங்குண்டு என்று வேறு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

இந்தக் கண்காணிப்பு எவ்வளவு விரைவாக நடக்கிறது என்பதற்கும் சான்று உண்டு. பொத்தானைத் தவறாக அழுத்தியவர்கள், யாரும் சொல்லாமலே உடனடியாகத் தங்களைத் திருத்திக்கொள்வதை பேட்ரிக் ரேபிட் 1966இல் பதிவு செய்தார். பின்னாளில் மண்டையில் மின்முனைகளைப் பொருத்தி அளந்தபோது, தவறு நேர்ந்து பத்தில் ஒரு நொடி ஆவதற்குள் மூளையில் ஒரு தனி மின் அலை எழுவது கண்டறியப்பட்டது. "ஐயோ" என்று வாய் சொல்லும் முன்பே மூளை சொல்லிவிடுகிறது.

அப்படியானால் நாம் ஏன் இவ்வளவு ஏமாறுகிறோம்? பொத்தான் அழுத்துவது போன்ற வேலையில் எது தவறு என்பது உடனே வெளிப்படும். பாடம் படிக்கும்போது அப்படி எதுவும் வெளிப்படுவதில்லை. எனவே மூளை கைக்குக் கிடைத்த வேறு அடையாளங்களைப் பிடித்துக்கொள்கிறது. அவற்றில் முக்கியமானது சரளம். படிக்கும்போது வரிகள் தடையின்றி ஓடினால், பாடம் மனத்தில் ஏறிவிட்டது என்று அது முடிவு கட்டிவிடுகிறது. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் ஹென்றி ரோடிகரும் ஜெஃப்ரி கார்பிக்கியும் 2006இல் வெளியிட்ட சோதனையில், ஒரு குழுவினர் ஒரு பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்தார்கள். இன்னொரு குழுவினர் ஒருமுறை படித்துவிட்டுப் புத்தகத்தை மூடி, நினைவிலிருந்ததை மூன்று முறை எழுதினார்கள். ஒரு வாரத்துக்குப் பின் எது நினைவிருக்கும் என்று கேட்டபோது, திரும்பப் படித்தவர்களே அதிக நம்பிக்கையோடு இருந்தார்கள். ஒரு வாரம் கழித்து அவர்கள் நினைவுகூர்ந்தது 40 விழுக்காடு. எழுதிப் பார்த்தவர்கள் 61 விழுக்காடு. நம் டியூஷன் வகுப்புகளில் வண்ண வண்ணமாகக் கோடிட்ட குறிப்பேடுகளை ஐந்தாம் முறை புரட்டும் பிள்ளைகளுக்குக் கிடைப்பதும் பெரும்பாலும் அந்தச் சரளம்தான்.

மதிப்பீட்டைச் சரிசெய்ய ஒரு மலிவான வழி, சற்றுத் தாமதித்து மதிப்பிடுவது. தாமஸ் நெல்சனும் ஜான் டன்லாஸ்கியும் 1991இல் காட்டியபடி, ஒரு சொல் இணையைப் படித்தவுடன் "இது நினைவிருக்குமா" என்று கேட்டால் வரும் பதில் அரைகுறையானது. சில நிமிடங்கள் வேறு வேலையில் கழித்துவிட்டுக் கேட்டால் பதில் மிகத் துல்லியமாகிவிடுகிறது. படித்த உடனே அந்தச் சொல் இன்னும் மனத்தின் முகப்பிலேயே நிற்பதால் எல்லாமே தெரிந்தது போலத் தோன்றும். நேரம் கடந்த பிறகோ, நீடித்த நினைவிலிருந்து அதை எடுத்துப் பார்த்துத்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

வீட்டிலேயே செய்துபார்க்க விரும்பும் பெற்றோர், பழைய தேர்வுத்தாள் ஒன்றை எடுத்து, விடைகளுக்குப் பக்கத்தில் உறுதி, சந்தேகம் என்று பிள்ளை குறித்த பிறகு திருத்தலாம். சந்தேகப்பட்டுத் தவறியவை பயிற்சி தேவைப்படுபவை. உறுதியாக இருந்து தவறியவைதாம் முதலில் கவனிக்க வேண்டியவை. அவை ஆழப் பதிந்துவிட்ட பிழைகள், திருத்துவது கடினம் என்றுதான் எவரும் நினைப்பார்கள். ஆனால் பிரேடி பட்டர்ஃபீல்டும் ஜேனட் மெட்காஃபும் 2001இல் கண்டது நேர்மாறானது: சரியான விடையைக் காட்டியதும், அரைமனத்தோடு செய்த தவறுகளைவிட அடித்துச் சொல்லிச் செய்த தவறுகளே எளிதில் திருந்தின. எதிர்பாராமல் பொய்த்துப்போன உறுதி கவனத்தை அந்த இடத்துக்கே இழுத்துவிடுவது அதற்கு ஒரு காரணமாகக் கருதப்படுகிறது.