போட்ட லொக் எங்க போச்சு: ஜாவா லொக்கிங்கை உள்ளுக்க போய்ப் பார்ப்பம்

00:12:41.507 [எக்செக்-3] இன்ஃபோ புக்கிங்.றூம்சேர்விஸ் - றூம் 4 பதிஞ்சாச்சு

இப்பிடி ஒரு லொக் லைன் (புரோகிராம் தான் செய்யிறதை எழுதி வைக்கிற குறிப்பு) ஃபைல்ல வந்து விழுறது பார்க்க சின்ன விசயம்தான், ஆனா புரோகிராம்ல இருந்து கிளம்பி ஃபைலுக்கு வந்து சேருறதுக்கிடையில அதை மறிச்சு கேள்வி கேக்கிற இடங்கள் கன இருக்கு, எங்கயாவது ஒரு இடத்தில "வேண்டாம்" எண்டு பதில் வந்தா லைன் அப்பிடியே காணாமப் போயிரும், எரரும் வராது ஒண்டும் வராது. கனபேர் எங்கயோ இருந்து லொக்கை எப்பிடி எழுதோணும் எண்டு சொல்லுற ஒரு எக்ஸ்எம்எல் கொன்ஃபிக் ஃபைலை கொப்பி பண்ணிப் போட்டுட்டு, வேலை செய்தா தொடாம விட்டிருவாங்க, செய்யாட்டி இன்னொண்டைத் தேடி கொப்பி பண்ணுவாங்க. லைன் போற பாதை விளங்கினா இந்த அலைச்சல் தேவையில்ல.

உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் கெஸ்ட் ஹவுஸ் வச்சிருக்கிற ஆக்களுக்கு றூம் புக்கிங் செய்து குடுக்கிற ஒரு சின்ன ஜாவா புரோகிராம் எண்டு வச்சுக்கொள்ளுங்க. அதுக்குள்ள நீங்க எழுதின கோட் கொஞ்சம்தான், மிச்சமெல்லாம் டேட்டாபேஸுக்கு ஒண்டு, ஈமெயிலுக்கு ஒண்டு எண்டு வேற ஆக்கள் எழுதின லைப்ரரிகள். அதுகளும் லொக் எழுதும், ஆனா எல்லாம் ஒரே முறையில எழுதாது. ஏனெண்டா ஜாவாவில முதல்ல பேர் எடுத்தது லொக்4ஜே, பிறகு 2002ல ஜாவா 1.4 வரேக்க ஜாவாவே தனக்கெண்டு ஒரு லொக்கிங்கைக் கொண்டு வந்திச்சு, லொக்4ஜேயைத் துவங்கின ஜெகி குல்ஜு பிறகு லொக்பேக்கை எழுதினார், 2014ல அப்பாச்சி லொக்4ஜே 2 வந்திச்சு. இதுக்குள்ள எந்த லைப்ரரி எதை நம்பி எழுதப்பட்டிருக்குதோ யாருக்குத் தெரியும்.

இந்தக் குழப்பத்துக்கு குல்ஜுவே குடுத்த மருந்துதான் எஸ்எல்எஃப்4ஜே. இதால ஃபைல்ல ஒரு எழுத்துக்கூட எழுத ஏலாது, அது வெறும் முகப்புத்தான். உங்கட கோட் அதோட மட்டும் கதைக்கும், பின்னால உண்மையா எழுதுற எஞ்சின் லொக்பேக்கா லொக்4ஜே 2வா எண்டது கிளாஸ்பாத்தில, அதாவது ஜாவா கோட் தேடுற இடத்தில, எந்த ஜார் (லைப்ரரிப் பொதி) கிடக்குது எண்டதைப் பொறுத்தது. எங்கட வீடுகள்ல ரவுண்ட் பின் பிளக்கும் இருக்கு, 13 அம்பியர் ஸ்குவயர் பின்னும் இருக்கு, லாச்சியைத் திறந்தா ரெண்டு மூண்டு அடப்டர் கிடக்கும்தானே, அது மாதிரி இங்கயும் பழைய முறையில எழுதுற லைப்ரரிகளை எஸ்எல்எஃப்4ஜே பக்கம் திருப்பிவிட அடப்டர் ஜார்கள் இருக்கு. லொக்4ஜே 2ல இருந்து எஸ்எல்எஃப்4ஜேக்கு ஒண்டு, அங்க இருந்து இங்க திரும்பி வர இன்னொண்டு. ரெண்டையும் ஒரே புரோகிராம்ல போட்டா மெசேஜ் போறதும் வாறதுமா சுத்தத்தான் செய்யும், அதனால ஒண்டில் ஸ்டார்ட்டிலயே எரர் அடிச்சு நிக்கும், இல்லாட்டி ஸ்டேக் ஓவர்ஃப்ளோ, திரும்பத் திரும்பக் கூப்பிட்டு இடம் நிரம்பி விழுந்திரும்.

லொக்கே வரேல்ல எண்டா நான் எக்ஸ்எம்எல்லைத் திறக்கிறதே இல்ல, முதல்ல மேவன்ல (லைப்ரரிகளை எடுத்துக் கோர்க்கிற கருவி) டிபென்டென்சி ட்ரீயை, அதாவது எந்த லைப்ரரி எந்த வேர்ஷன்ல வந்திருக்கு எண்ட பட்டியலைத்தான் எடுத்துப் பார்ப்பன். பார்க்க வேண்டியது வேர்ஷன் சோடியை. லொக்பேக் 1.2, எஸ்எல்எஃப்4ஜே 1.7ஓட சேரும். லொக்பேக் 1.3லயிருந்து மேல எல்லாம் எஸ்எல்எஃப்4ஜே 2.0ஓடதான் சேரும். 2.0 வந்தாப்பிறகு எஞ்சினைத் தேடுற முறையையே மாத்திட்டாங்க, ஜாவாவில இருக்கிற சேர்விஸ் லோடரை வச்சுத் தேடுது, பழைய லொக்பேக்கில அந்த அடையாளம் இல்ல. பிறகென்ன, எஞ்சின் கிடைக்கேல்ல எண்டு கொன்சோல்ல ஒரு வோர்னிங்கைப் போட்டுட்டு வாற லொக் எல்லாத்தையும் பேசாம குப்பையில போட்டிரும்.

எஞ்சின் கிடைச்சாப்பிறகு அது கொன்ஃபிக் ஃபைலைத் தேடும். லொக்பேக் எண்டா பேரில "டெஸ்ட்" எண்டு இருக்கிற எக்ஸ்எம்எல்லை முதல்ல பார்க்கும், இல்லாட்டித்தான் லொக்பேக் எக்ஸ்எம்எல், ரெண்டும் இல்லாட்டி டிபக் லெவல்ல (லெவல் எண்டா லைன் எவ்வளவு முக்கியம் எண்ட அளவு, கீழ வருது) எல்லாத்தையும் கொன்சோல்ல கொட்டும். லொக்4ஜே 2 இதுக்கு நேர் எதிர், கொன்ஃபிக் இல்லாட்டி எரர் லெவல் மட்டும்தான் காட்டும். எந்த ஃபைலை எடுத்திச்சு எண்டு சந்தேகமா இருந்தா லொக்பேக் கொன்ஃபிக்கிட மேல் டேக்கில டிபக் எண்டதை ட்ரூ ஆக்கிவிடுங்க, தான் என்னத்தை வாசிச்சன், எதை விளங்கேல்ல எண்டு ஒண்டு விடாம சொல்லும்.

அடுத்தது லெவல். ட்ரேஸ், டிபக், இன்ஃபோ, வோர்ன், எரர் எண்டு முக்கியம் கூடிக்கொண்டு போற அஞ்சு, வச்ச லெவலுக்குக் கீழ இருக்கிற லைன் எழுதுப்படாது. கோட்ல லைனை அனுப்புற லொக்கருக்குப் பேர் இருக்கு, புள்ளி வச்ச பேர், புக்கிங்.றூம்சேர்விஸ் எண்டா அதுக்கு மேல புக்கிங், அதுக்கும் மேல ரூட். தனக்கு லெவல் ஒண்டும் தராட்டி அது மேல மேல ஏறிப் பார்த்து முதல் கிடைக்கிற லெவலை எடுத்துக்கொள்ளும். அதால ரூட்டை இன்ஃபோவில வச்சுப்போட்டு நீங்க நோண்டுற பக்கேஜை மட்டும் டிபக்கில திறந்துவிடலாம், டேட்டாபேஸ் லைப்ரரியிட அலட்டல் இல்லாம.

இதே ஏணிதான் அப்பெண்டருக்கும், அப்பெண்டர் எண்டா லைனை எங்க எழுதுறது எண்டு முடிவாக்கிற ஆள், கொன்சோலோ ஃபைலோ. ஆனா இங்க ஒரு வித்தியாசம் இருக்கு. என்னோட வேலை செய்யிற பெடியன் ஒருநாள் கோல் எடுத்தான்.

"அண்ணா, எல்லா லைனும் ரெண்டு ரெண்டா விழுது. கோட்ல ஒரு இடத்திலதான் எழுதியிருக்கன்."

"அப்பெண்டரை எங்க கொழுவினனி?"

"புக்கிங்லயும் ரூட்லயும்."

"அதுதான்டா. அடிட்டிவிட்டியை ஃபோல்ஸ் ஆக்கு, இல்லாட்டி புக்கிங்ல இருக்கிறதைக் கழட்டு."

லெவலைத் தேடேக்க முதல் கிடைச்சதோட நிக்கும், அப்பெண்டரைத் தேடேக்க நிக்காது, ரூட் வரைக்கும் ஏறி வழியில கண்ட எல்லாத்திலயும் எழுதிட்டுப் போகும், இதுக்குத்தான் அடிட்டிவிட்டி எண்டு பேர். அப்பெண்டரை ரூட்ல மட்டும் கொழுவுறது எனக்குப் பிடிச்ச வழி, அடிட்டிவிட்டியை நிப்பாட்டுறது ஆறு மாசத்துக்குப் பிறகு வாசிக்கிறவனுக்கு விளங்காது.

பிறகு வாறது பேட்டர்ன், நேரம் எப்பிடி, பேர் எப்பிடி எண்டு லைனை வடிவமைக்கிற இடம். மேல காட்டின லைன்ல 00:12 எண்டு இருக்குது பாருங்க, ஆனா திருகோணமலையில அப்ப விடிய 5:42. சேர்வர் யூடிசியில (உலகப் பொது நேரம்) ஓடுது, எங்கட நேரம் அதுக்கு அஞ்சரை மணித்தியாலம் முன்னால. லொக்பேக்ல திகதிப் பேட்டர்னுக்குள்ள கமா போட்டு ஆசியா/கொழும்பு எண்டு குடுத்தாக் காணும், ஜாவா மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். நாள் மாறேக்க ஃபைலை மாத்துற ரோலிங் அப்பெண்டருக்கும் ஃபைல் பேர்ல இதைத் தனியாக் குடுக்கோணும், இல்லாட்டி விடிய அஞ்சரைக்குத்தான் புதுநாள் துவங்கும், "நேத்து ராத்திரி வந்த புக்கிங்" நடுவால வெட்டுப்பட்டுக் கிடக்கும். லொக்பேக் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு இருக்கிறதும் இல்ல, நடுச்சாமத்துக்குப் பிறகு முதல் லைன் வரேக்கதான் ஃபைலை மாத்தும், மாரி மழைக்குள்ள ஒரு புக்கிங்கும் இல்லாத நாள்ல அடுத்த லைன் வாற மட்டும் பழைய ஃபைல் அப்பிடியே கிடக்கும். அதைப் பழுது எண்டு நினைக்காதீங்க. சீசன்ல டிஸ்க் நிரம்பாம இருக்க ஒரு ஃபைல் 10 எம்பி, வச்சிருக்கிறது 30 நாள், எல்லாம் சேர்ந்து 500 எம்பி எண்டு மூண்டு எல்லையும் குடுத்துவிட்டா அது தானே பழசை அழிக்கும்.

தமிழ்ல பேர் பதியிற ஆக்களுக்கு இன்னொரு தொல்லை இருக்கு, விண்டோஸ் பிசியில ஓடுற புரோகிராம்ல விருந்தாளியிட பேர் கேள்விக்குறி வரிசையா விழும். ஜாவா 18ல இருந்து தமிழும் எழுதக்கூடிய யூடிஎஃப்-8 எழுத்துக் குறியீடுதான் வழமை, அதுக்கு முந்தின வேர்ஷன் விண்டோஸ்ல எதை வச்சிருக்குதோ அதை எடுக்கும், அதில தமிழ் இல்ல. கொன்ஃபிக்ல என்கோடருக்குள்ள (லைனை எழுத்துக் குறியீடா மாத்துற பகுதி) சார்செட் எண்டு ஒரு டேக் போட்டு யூடிஎஃப்-8 எண்டு எழுதிவிடுங்க, எந்த ஜாவாவா இருந்தாலும் சரி.

எழுதுற கோட்ல ஒரு பழக்கம் எனக்குக் கண்ணிலயும் காட்டப்படாது: எரரைப் பிடிச்சிட்டு அதிட மெசேஜை மட்டும் லொக் பண்ணுறது. எக்செப்ஷனை, அதாவது பிடிச்ச அந்த எரரை, அப்பிடியே கடைசி ஆர்கியுமென்டா குடுங்க, அதுக்கு {} (பெறுமதி வந்து விழுற இடம்) போடத் தேவையில்ல, எஸ்எல்எஃப்4ஜே கண்டுபிடிச்சு எரர் எந்த வழியால வந்திச்சு எண்டு காட்டுற முழு ஸ்டேக் ட்ரேஸையும் போடும். மத்த விசயங்களுக்கு {} பாவியுங்க, பிளஸ் போட்டு ஒட்டினா லெவல் மூடியிருந்தாலும் ஸ்ட்ரிங் உருவாகித்தான் குப்பைக்குப் போகும்.

லொக்4ஜே 2 பாவிக்கிற ஆக்கள் 2021 டிசம்பரை மறந்திருக்க மாட்டாங்க. மெசேஜுக்குள்ள டாலரும் நெளி அடைப்பும் வச்சு ஜேஎன்டிஐ (வெளியில இருக்கிற சேர்வர்லயும் தேடுற ஜாவா வசதி) எண்டு ஒரு சேர்வர் விலாசத்தோட எழுதினா லொக்4ஜே அதை வெறும் எழுத்தா எடுக்காம, சொன்ன சேர்வருக்குப் போய் அங்க இருக்கிற கோடைக் கொண்டுவந்து ஓட்டிச்சு, புக்கிங் ஃபோம்ல பேர் எழுதுற பெட்டியே போதும் உள்ள வர. லொக்4ஷெல் எண்டு பேர், ஆபத்து அளவு 10க்கு 10. 2.15 எண்டு வந்த திருத்தம் காணாம 2.16, 2.17 எண்டு அடுத்தடுத்து விட்டாங்க. பழைய லொக்4ஜே 1 வேர்ஷனை இன்னும் வச்சிருந்தா அதுக்கு 2015லயே ஆதரவை நிப்பாட்டியாச்சு.

அசிங்க் அப்பெண்டரை வேகத்துக்காக எல்லாரும் போடச் சொல்லுவாங்க. அது லைனை ஒரு கியூவில போட்டுட்டு வேற த்ரெட்ல (பக்கத்தில தனியா ஓடுற வேலை) எழுதும், லொக்பேக்ல கியூவில வழமையா 256 லைன் கொள்ளும், அதில அஞ்சில ஒரு பங்கு இடம் மிச்சமாகேக்கயே இன்ஃபோவும் அதுக்குக் கீழ இருக்கிறதும் கொட்டுப்படும், வோர்னும் எரரும் மட்டும்தான் போகும். சாதாரண ஃபைல் அப்பெண்டர் ஒவ்வொரு லைனையும் உடன ஒப்பரேட்டிங் சிஸ்டத்திட கையில குடுத்திரும், புரோகிராம் செத்தாலும் லைன் தப்பும், கரண்ட் போனா அதுக்கும் உத்தரவாதம் இல்ல எண்டது வேற. அசிங்க்ல கியூவுக்குள்ள நிண்டது புரோகிராமோடயே போயிரும். ஒரு நாளைக்கு நாப்பது புக்கிங் வாற புரோகிராமுக்கு இந்த வேகம் என்னத்துக்கு, யூபிஎஸ் இல்லாத ரிசெப்ஷன் பிசியில அதைப் போடவே போடாதீங்க.