துருவப் பனியை வகுப்புக்குள் கொண்டுவர ஆசிரியருக்கு என்ன வழி?

பருவநிலை மாற்றம் புவியியல் ஆசிரியரின் பாடம், நமக்கு அதில் என்ன வேலை என்று நினைக்கும் ஆசிரியர்கள் இன்னும் இருக்கிறார்கள். தமிழாசிரியர்களும் அப்படி ஒதுங்க வேண்டியதில்லை என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

சிங்கப்பூர்க் கல்வியமைச்சு 2021இல் அறிவித்த 'ஈக்கோ ஸ்டூவர்ட்ஷிப் புரோகிராம்' என்ற சுற்றுச்சூழல் பேணும் திட்டம் தொடக்கநிலையிலிருந்து புகுமுக வகுப்புவரை நடப்பது. நாட்டின் நீடித்த நிலைத்தன்மைத் திட்டமான சிங்கப்பூர்ப் பசுமைத் திட்டம் 2030ஐச் சேர்ந்தது. பாடத்திட்டம், வளாகம், பள்ளியின் பழக்கவழக்கம், சமூகம் ஆகிய நான்கும் அதில் அடங்கும். வளாகத்துக்கு இலக்கு வைத்திருக்கிறார்கள்: 2030க்குள் பள்ளிகளின் நிகரக் கரிம வெளியேற்றம் மூன்றில் இரண்டு பங்கு குறைய வேண்டும், ஐந்தில் ஒரு பள்ளியாவது கரிமச் சமநிலை, அதாவது நிகர வெளியேற்றம் சுழியம் என்ற நிலை, அடைய வேண்டும். கூரையில் சூரியத் தகடு ஏறுவது அதனால்தான்.

சரி, ஆசிரியருக்கு நேரம்? கல்வியமைச்சின் ஆசிரியர்களுக்கு ஆண்டுக்கு 100 மணி நேரம் பயிற்சிக்கென்று உரிமை உண்டு. அதில் சில மணி நேரத்தைப் பருவநிலை அறிவியலுக்கு ஒதுக்க விரும்பினால், பள்ளியில் பயிற்சிக்குப் பொறுப்பானவரிடம் ஆண்டுத் தொடக்கத்திலேயே சொல்லிவையுங்கள். மாணவர்களோடு சேர்ந்து அக்கம்பக்கத்தாரையும் ஈடுபடுத்தும் திட்டம் மனத்தில் இருந்தால், நீடித்த நிலைத்தன்மை, சுற்றுப்புற அமைச்சு 2020இல் தொடங்கிய 50 மில்லியன் வெள்ளி எஸ்ஜி ஈக்கோ நிதியின் விதிமுறைகளையும் பாருங்கள்.

பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருக்கும் பிள்ளைகளுக்குத் துருவம் எதற்கு? இதைத்தான் பலரும் கேட்கிறார்கள். நம் நிலத்தில் ஏறக்குறைய 30 விழுக்காடு, சராசரிக் கடல்மட்டத்திலிருந்து 5 மீட்டருக்கும் குறைந்த உயரத்தில் இருக்கிறது. 2024 ஜனவரியில் வெளிவந்த மூன்றாவது தேசியப் பருவநிலை ஆய்வு, 2100க்குள் கடல்மட்டம் 1.15 மீட்டர்வரை உயரக்கூடும் என்கிறது. இன்னொன்றும் உண்டு, இதை வகுப்பில் சொன்னால் பிள்ளைகள் நிமிர்ந்து உட்கார்வார்கள். அண்டார்டிக்காவின் பனி அவ்வளவு பெரியது. சுற்றியுள்ள கடல்நீரைத் தன் ஈர்ப்பால் இழுத்து வைத்திருக்கிறது. பனி கரையக் கரைய அந்தப் பிடி தளர்ந்து, நீர் தொலைவில் உள்ள கடல்களுக்கு நகர்கிறது. அதனால் அங்கே உருகும் பனிக்கு நம்மைப் போன்ற வெப்பமண்டலக் கரைகளில் கடல் உலக சராசரியைவிடச் சற்றுக் கூடுதலாகவே ஏறுகிறது. 2013லிருந்து, வடதுருவப் பகுதி நாடுகளின் அமைப்பான ஆர்க்டிக் மன்றத்தில் சிங்கப்பூர் பார்வையாளராக இருப்பதையும், ஈஸ்ட் கோஸ்ட் அருகே உயரும் கடலிலிருந்து கரையைக் காக்கவும் சுமார் 800 ஹெக்டரில் கடலை நிரப்பி உருவாக்கத் திட்டமிடப்படும் 'லாங் ஐலண்ட்' தீவையும் இதனோடு சேர்த்துப் பேசலாம்.

தமிழ் வகுப்புக்கும் இதில் நல்ல வேலை இருக்கிறது. கடலில் மிதப்பது பனிப்பாறை, மலையிலிருந்து மெல்ல இறங்குவது பனியாறு, கண்டத்தையே மூடிக் கிடப்பது பனிவிரிப்பு. மூன்றையும் பிரித்துச் சொல்லத் தெரிந்த பிள்ளைக்குப் பாதி அறிவியல் புரிந்துவிட்டது என்பேன்.

மீதிப் பாதிக்கு இரண்டு கண்ணாடிக் கிளாஸ் போதும். ஒன்றில் தண்ணீர் ஊற்றி ஐஸ்கட்டியை மிதக்க விடுங்கள். மற்றதில் தண்ணீருக்கு மேலே தலைநீட்டும்படி ஒரு கல்லை வைத்து, அதன்மேல் ஐஸை வையுங்கள். இரண்டிலும் நீர்மட்டத்தைப் பேனாவால் கோடிடுங்கள். மிதந்த ஐஸ் உருகினாலும் கோடு தாண்டாது. கல்மேல் இருந்தது உருகினால் தாண்டிவிடும். ஆர்க்டிக் கடல்பனிக்கும் கிரீன்லாந்துப் பனிக்கும் உள்ள வேறுபாடு இதுதான். ஏசி அறையில் ஐஸ் உருகச் சற்று நேரம் பிடிக்கும், வணக்கம் சொன்ன கையோடு வைத்துவிடுங்கள்.