விரலை எப்போது எடுப்பது? மோட்டார்ஹோம் ஜெனரேட்டர் ஸ்டார்ட் ஆகும் விதம்

வீடும் வண்டியும் ஒன்றான மோட்டார்ஹோமில் படுக்கை, அடுப்பு, குளியலறை எல்லாம் கண்ணுக்குத் தெரியும். ஜெனரேட்டர் மட்டும் வண்டியின் அடிவயிற்றில் ஓர் இரும்புப் பெட்டிக்குள் பதுங்கியிருக்கும். உள்ளே இருப்பவருக்கு அதன் அடையாளம் சுவரில் உள்ள ஒரு சுவிட்ச்தான். ஒரு பக்கம் ஸ்டார்ட், மறுபக்கம் ஸ்டாப். ஸ்டார்ட் பக்கத்தை அழுத்திப் பிடிக்க வேண்டும், இன்ஜின் ஓடத் தொடங்கியதும் விட்டுவிட வேண்டும். கையேடு இதை ஒரே வரியில் சொல்லி முடித்துவிடும். ஆனால் இன்ஜின் ஓடத் தொடங்கிவிட்டது என்று முடிவு செய்வது யார்? நம் காதா, இயந்திரமா? ஸ்டார்ட் ஆவதில் வரும் தகராறுகளில் பல இந்தக் கேள்வியில்தான் மாட்டிக்கொண்டிருக்கின்றன.

முதலில் ஒரு வேடிக்கையான உண்மை. மின்சாரம் தயாரிக்கும் இந்த இயந்திரத்துக்கு, முதல் சுற்றைச் சுற்றவே மின்சாரம் வேண்டும். அதை 12 வோல்ட் பேட்டரி தருகிறது. பெரும்பாலான மோட்டார்ஹோம்களில் இரண்டு பேட்டரித் தொகுதிகள் இருக்கும். வண்டியை ஓட்டும் இன்ஜினுக்கு ஒன்று, விளக்கு, தண்ணீர் பம்பு போன்ற வீட்டு வேலைகளுக்கு இன்னொன்று. ஜெனரேட்டர் பொதுவாக இந்த வீட்டு பேட்டரியிலிருந்துதான் ஸ்டார்ட் ஆகும். இரவெல்லாம் விளக்கெரித்துக் களைத்துப்போன பேட்டரியிடமே காலையில் போய் நிற்கிறோம். அதுவும் சும்மா இல்லை, மிகப் பெரிய கோரிக்கையோடு.

எவ்வளவு பெரியது? ஸ்டார்ட்டர் மோட்டார் 150 ஆம்பியர் இழுக்கிறது, மூன்று நொடியில் இன்ஜின் பிடித்துக்கொள்கிறது என்று ஒரு கணக்குக்கு வைத்துக்கொள்வோம். 150ஐ 3ஆல் பெருக்கினால் 450 ஆம்பியர்-நொடி. மணிக் கணக்கில் சொன்னால் 0.125 ஆம்பியர்-மணி. 100 ஆம்பியர்-மணி பேட்டரியில் இது எண்ணூறில் ஒரு பங்கு, ஒன்றுமேயில்லை. பிறகு ஏன் பேட்டரி திணறுகிறது? கேட்கும் அளவு சிறியது, கேட்கும் வேகம்தான் பெரியது. அவ்வளவு ஆம்பியரை ஒரே மூச்சில் தரும்போது பேட்டரியின் உள்தடையிலேயே வோல்ட் கரைந்துபோகிறது. ஓய்வில் 12.6 வோல்ட் காட்டும் ஈய-அமில பேட்டரி முழு சார்ஜில் இருக்கிறது என்று அர்த்தம். ஓய்விலேயே 12க்குக் கீழே இறங்கிவிட்டால், விளக்கு எரியும், ஸ்டார்ட்டர் சுற்றாது.

பேட்டரி மட்டுமல்ல, கம்பியும் குற்றவாளியாக இருக்கலாம். ஜெனரேட்டர் பேட்டரிக்குப் பக்கத்திலேயே இருப்பதில்லை. வண்டியின் நீளத்துக்கு ஓடி வரும் தடித்த கம்பி, பிறகு சேசிஸ் இரும்பு வழியாகத் திரும்பும் எர்த் இணைப்பு. அந்த எர்த் போல்ட்டில் கொஞ்சம் துருப்பிடித்து, நூறில் ஒரு ஓம் அளவுக்குத் தடை கூடியிருந்தால் போதும். 150 ஆம்பியர் அதன் வழியே போகும்போது 1.5 வோல்ட் அங்கேயே தொலைந்துபோகும். சாதாரண மல்டிமீட்டரால் அந்தத் தடையை அளக்கக்கூட முடியாது. ஆனால் மீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் நெகட்டிவ் முனையிலும் மறுமுனையை ஜெனரேட்டரின் உடலிலும் வைத்துக்கொண்டு ஒருவரை ஸ்டார்ட் செய்யச் சொன்னால், அது தொலைக்கும் வோல்ட்டை மீட்டர் அப்படியே காட்டிக்கொடுத்துவிடும். ஜெனரேட்டர் ஸ்டார்ட் ஆகவில்லை என்றதும் கார்புரேட்டரைக் கழற்றக் கிளம்புகிறவர்கள் அதிகம். என்னைக் கேட்டால் முதல் வேலை இந்த அளவீடுதான். ஐந்து நிமிடம்கூட ஆகாது, கையில் பெட்ரோல் வாடையும் ஒட்டாது.

வண்டியின் முன்பக்கம் எமர்ஜென்சி ஸ்டார்ட் என்ற சுவிட்ச் இருந்தால், அது இரண்டு பேட்டரிகளையும் தற்காலிகமாகச் சேர்த்துவிடும். வண்டி இன்ஜினை ஓடவிட்டு அதை அழுத்திப் பிடித்தால், இன்ஜினின் ஆல்டர்னேட்டரும் துணைக்கு வரும்.

சரி, செல்ஃப் எடுத்துவிட்டது, இன்ஜின் சுற்றுகிறது. இனி எரிபொருள். ஜெனரேட்டருக்குப் பெரும்பாலும் தனி டேங்க் கிடையாது, வண்டியின் டேங்கிலிருந்தே குடிக்கிறது. ஆனால் அதற்கான உறிஞ்சுகுழாய் டேங்கின் அடிவரை போகாது. சுமார் கால் டேங்க் மீதமிருக்கும் உயரத்தோடு நின்றுவிடும். ஏசி போட்டு உறங்கி எழுந்தால் வண்டியை நகர்த்த எரிபொருள் இல்லை என்ற நிலை வந்துவிடக் கூடாது என்பதற்காகவே இந்த ஏற்பாடு. இது தெரியாதவர்கள், முள் கால் டேங்கைக் காட்டும்போது, எரிபொருள் இருந்தும் ஏன் ஓடவில்லை என்று தலையைப் பிய்த்துக்கொள்வார்கள்.

பல நாள் நிறுத்திவைத்த வண்டியில் குழாயிலிருந்த எரிபொருள் டேங்குக்கே வடிந்துபோயிருக்கும். வெறும் குழாயை நிரப்பும் வேலையை ஸ்டார்ட்டரின் தலையில் கட்டினால் பேட்டரிதான் வீணாகும். அதனால் பல மாடல்களில், ஓனன் என்ற தயாரிப்பாளரின் ஜெனரேட்டர்கள் சிலவற்றிலும், ஸ்டாப் பக்கத்தை அழுத்திப் பிடித்தால் எரிபொருள் பம்பு மட்டும் ஓடும் வசதி உண்டு. காதைக் கூர்மையாக்கினால் டிக்டிக்கென்று பம்பின் துடிப்பு கேட்கும். குழாய் நிரம்பியதும் அந்தச் சத்தத்தின் சாயலே மாறிவிடும்.

குளிர்ந்த இன்ஜினில் பெட்ரோல் சரியாக ஆவியாகாது, ஆவியாகாத பெட்ரோல் எரியாது. அதனால்தான் சோக். காற்றின் வழியைப் பாதி அடைத்து பெட்ரோலின் பங்கைக் கூட்டினால், ஆவியாகும் கொஞ்சமாவது எரியப் போதுமானதாக இருக்கும். சூடான இன்ஜினில் இதே சோக் எதிரி. உயரமான மலைப்பகுதியிலும் ஏறக்குறைய இதே கதைதான். காற்று மெலிந்திருப்பதால் வழக்கமான கலவையே பெட்ரோல் மிகுந்ததாகிவிடும். சில கார்புரேட்டர்களில் உயரத்துக்கேற்பத் திருப்பிக்கொள்ள ஒரு திருகு வைத்திருப்பார்கள். டீசல் ஜெனரேட்டரில் சோக்கும் இல்லை, ஸ்பார்க் பிளக்கும் இல்லை. குளோ பிளக் சில நொடிகள் உள்ளே சூடேற்றியபின்தான் ஸ்டார்ட்டர் சுற்றும்.

இப்போது தீப்பொறி விழுந்து, எரிபொருள் எரிந்து, இன்ஜின் தானாகவே ஓடுகிறது. இதுவரை நடந்தது எந்த வண்டி இன்ஜினிலும் நடப்பதுதான். ஜெனரேட்டருக்கே உரிய நாடகம் இனிமேல்தான்.

காந்தப்புலத்துக்குள் கம்பிச்சுருள் அசைந்தால் அதில் மின்சாரம் தோன்றும் என்று 1831இல் ஃபாரடே காட்டினார். ஜெனரேட்டரில் சுழலும் ரோட்டர்தான் காந்தம், அதைச் சுற்றி நிற்கும் ஸ்டேட்டரில் சுருள்கள். ஆனால் பெரும்பாலான ரோட்டர்கள் நிலைக்காந்தம் அல்ல, மின்காந்தம். அதற்கு மின்சாரம் கொடுத்தால்தான் அது காந்தமாகும். அந்த மின்சாரம் ஸ்டேட்டரிலிருந்து வர வேண்டும், ஸ்டேட்டரிலோ ரோட்டர் காந்தமானால்தான் மின்சாரம். இந்த முடிச்சை அவிழ்த்தவர்களில் ஒருவர் வெர்னர் சீமன்ஸ், ஆண்டு 1866. ஒருமுறை காந்தமான இரும்பில் கொஞ்சம் காந்தம் எப்போதும் மிஞ்சியிருக்கும். அந்த மிச்சம்தான் விதை. அது சுழலும்போது ஸ்டேட்டரில் சொற்ப மின்சாரம் வரும், அதை ரோட்டருக்கே திருப்பிவிட்டால் காந்தம் வலுக்கும், வலுத்த காந்தம் இன்னும் மின்சாரம் தரும். இப்படி ஒன்றையொன்று தூக்கிவிட்டுக்கொண்டு சட்டென முழு வோல்ட்டுக்கு ஏறிவிடும். இரும்பின் காந்தம் ஒரு அளவுக்கு மேல் ஏற மறுப்பதாலும், வோல்ட்டேஜ் ரெகுலேட்டர் கடிவாளம் பிடிப்பதாலும் அது அங்கே நிற்கிறது.

மிச்சக் காந்தத்தை மட்டும் நம்பி இருந்தால், மாதக்கணக்கில் சும்மா கிடந்த இயந்திரம் சில சமயம் கைவிட்டுவிடும். அதனால் மோட்டார்ஹோம் ஜெனரேட்டர்கள் பலவற்றில் ஸ்டார்ட்டர் சுற்றும்போதே கட்டுப்பாட்டுப் பலகை பேட்டரியிலிருந்து ரோட்டருக்குச் சிறிய மின்னோட்டம் ஒன்றைத் தட்டிவிடும். ஃபீல்டு ஃபிளாஷ் என்பார்கள். இந்த மின்னோட்டம் சுழலும் ரோட்டருக்குப் போவது இரண்டு கார்பன் பிரஷ்கள் வழியாக. பிரஷ் உரசும் வளையத்தில் நீண்ட ஓய்வில் ஒரு மெல்லிய படலம் படிந்துவிட்டால் மின்னோட்டம் அங்கேயே நின்றுவிடும்.

இனி ஆரம்பத்தில் கேட்ட கேள்விக்கு வரலாம். இன்ஜின் ஓடுகிறது என்பதைப் பலகை சத்தத்தை வைத்துத் தெரிந்துகொள்வதில்லை. பல மாடல்களில் ஸ்டேட்டரிலிருந்து வரும் மின்சாரம்தான் அதற்குச் சாட்சி. அந்த மின்சாரம் வந்ததும் பலகை ஸ்டார்ட்டரை விடுவிக்கிறது, தீப்பொறிக்கும் எரிபொருள் பம்புக்கும் போகும் இணைப்பைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொள்கிறது. அதுவரை அந்த இணைப்பைத் தாங்கிப் பிடித்திருப்பது சுவிட்சில் உள்ள நம் விரல். இன்ஜின் முதல் உறுமலைக் கொடுத்ததுமே விரலை எடுத்துவிட்டால், பொறுப்பு கைமாறுவதற்கு முன்பே இணைப்பு அறுந்து இன்ஜின் அணைந்துவிடும். அதனால் சத்தம் சீராகும்வரை ஒன்றிரண்டு நொடி கூடப் பிடிப்பதே நல்லது. புதிய மாடல்கள் சிலவற்றில் ஒருமுறை தட்டிவிட்டால் மீதியைப் பலகையே பார்த்துக்கொள்ளும்.

இதிலிருந்து ஒரு விசித்திரமான கோளாறும் புரிந்துவிடும். விரல் இருக்கும்வரை ஜெனரேட்டர் அழகாக ஓடும், எடுத்த கணம் நின்றுபோகும். எரிபொருள் அடைப்பு என்று நினைத்து பம்பு, ஃபில்டர், கார்புரேட்டர் என்று வரிசையாக மாற்றுவார்கள். இன்ஜினில் குறையே இருக்காது. பிரஷ் தேய்ந்தோ, வளையத்தில் படலம் படிந்தோ ஸ்டேட்டரில் மின்சாரம் வந்திருக்காது, சாட்சி வராததால் பலகை இணைப்பை ஏற்றிருக்காது. இதே அறிகுறியைக் காட்டும் இன்னொன்று எண்ணெய் அழுத்தம். இன்ஜின் சுற்றத் தொடங்கும்போது எண்ணெய் அழுத்தம் இருக்காது என்பதால் பலகை சில நொடி அதைக் கண்டுகொள்ளாமல் விடும். அதன்பிறகும் அழுத்தம் ஏறாவிட்டால் நிறுத்திவிடும். எண்ணெய் மட்டத்தைப் பார்த்துவிட்டு மற்றதற்குப் போவது புத்திசாலித்தனம். பல ஜெனரேட்டர்களில் சுவிட்ச் விளக்கு கோளாறு எண்ணைக் கண்சிமிட்டிச் சொல்லும். ஓனனில் 36 என்று வந்தால், பலகை நிறுத்தாமல் இன்ஜின் தானாக நின்றுபோனது என்று பொருள். அப்போது எரிபொருள் பக்கம் போகலாம்.

ஓடத் தொடங்கிய ஜெனரேட்டரின் வேகம் அதன் அதிர்வெண்ணோடு கட்டிப்போடப்பட்டது. இரண்டு துருவ ரோட்டர் நிமிடத்துக்கு 3,600 சுற்று சுற்றினால் 60 ஹெர்ட்ஸ், 3,000 சுற்றினால் 50 ஹெர்ட்ஸ். ஏசி போட்டாலும் அணைத்தாலும் அந்த வேகம் மாறாமல் கவர்னர் என்ற கருவி பார்த்துக்கொள்ளும். இன்வெர்ட்டர் வகை ஜெனரேட்டர்களில் மின்னணுச் சுற்று அதிர்வெண்ணைத் தனியே உருவாக்குவதால் இன்ஜின் சுமைக்கேற்ப மெதுவாகவும் ஓடலாம்.

ஸ்டார்ட் ஆனவுடனே உள்ளே மின்சாரம் வந்துவிடாது. டிரான்ஸ்ஃபர் சுவிட்ச் என்ற பெட்டி சுமார் அரை நிமிடம் காத்திருக்கும், பிறகு கடக்கென்று ஒரு சத்தம். இன்ஜின் வேகம் நிலைப்படுவதற்கான அவகாசம் அது. இந்தக் காத்திருப்பு இல்லையென்றால், ஏசியின் கம்ப்ரசர் கிளம்பும்போது வழக்கத்தைவிடப் பல மடங்கு மின்னோட்டத்தை இழுத்து, இப்போதுதான் ஓடத் தொடங்கிய இன்ஜினை அமுக்கிவிடும். வெளி மின்இணைப்பும் ஜெனரேட்டரும் ஒரே நேரத்தில் உள்ளே வந்து மோதாமல் தடுப்பதும் இதே பெட்டிதான்.

புகைபோக்கியைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. அதில் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, வாடையில்லை. ரத்தத்தின் ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேல் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். ஸ்டார்ட் செய்யும் முன் குழாயில் விரிசல் இருக்கிறதா, புகை வெளியேறும் பக்கத்தில் சுவரோ ஜன்னலோ இருக்கிறதா என்று இறங்கிப் பார்த்துவிட வேண்டும். உள்ளே உள்ள கார்பன் மோனாக்சைடு அலாரம் வேலை செய்கிறதா என்பதையும். ஜெனரேட்டரை ஓடவிட்டுத் தூங்குவது எனக்குச் சற்றும் சம்மதமில்லாத பழக்கம்.

நிறுத்தும்போது சுமைகளை அணைத்துவிட்டு இரண்டு மூன்று நிமிடம் வெறுமனே ஓடவிட்டால் சூடு சீராக இறங்கும். வண்டி நிறுத்தியே கிடந்தாலும் மாதம் ஒருமுறை, பாதிச் சுமையோடு இரண்டு மணி நேரம் ஓடவிடச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. கார்புரேட்டரில் தேங்கிய பெட்ரோல் காய்ந்து பிசினாகி நுண்துளைகளை அடைக்கும் முன் புதுப் பெட்ரோல் வந்துவிடும். சுருள்களில் ஏறிய ஈரம் சூட்டில் போய்விடும். பிரஷ் உரசி உரசி வளையமும் துலங்கிவிடும். ஐந்து நிமிடம் ஓடவிட்டு அணைப்பதில் இவை எதுவும் நடக்காது, எண்ணெயில் தண்ணீர் சேர்வதுதான் மிச்சம்.