தசைத்துடிப்பு: தான் ஆடாமல் தசை ஆடுவது

உறவின் ஈர்ப்பைச் சொல்வதற்காக நாம் எடுத்தாளும் "தான் ஆடாவிட்டாலும் தன் தசை ஆடும்" என்ற பழமொழியை, அதன் உட்பொருளைச் சற்று ஒதுக்கிவிட்டுச் சொல்லுக்குச் சொல் படித்தால், அது ஒரு நோய்க்குறியின் வரையறையாகவே அமைந்துவிடுகிறது. உடலுக்கு உடையவர் அசையவில்லை, அசைக்க எண்ணவுமில்லை. தோலுக்கு அடியில் தசை மட்டும் படபடக்கிறது. மருத்துவர்கள் ஃபேசிகுலேஷன் என்று குறித்துவைப்பது இதைத்தான்.

நலவாழ்வுக் கையேடு ஒன்றின் அச்சுப்படியைத் திருத்தக் கொடுத்திருந்தார்கள். அதில் இச்சொல்லுக்கு நேராகத் "தசை வலிப்பு" என்று இருந்தது. இரவெல்லாம் கண்விழித்துவிட்டுக் காலையில் கீழிமை துடிப்பதைக் கண்ணாடியில் பார்க்கும் ஒருவர் அந்தப் பக்கத்தைப் படித்தால், தமக்குக் காக்காய் வலிப்பு வந்துவிட்டதென்றே அஞ்சுவார். வலித்தல் என்பதற்கு இழுத்தல் என்று பொருள்; படகு வலிப்பதும் துடுப்பு வலிப்பதும் அந்தப் பொருளில்தான். கை கால்களை இழுக்கும் நோய்க்கு வலிப்பு என்ற பெயர் பொருந்தும். எதையும் இழுக்காத, மூட்டைக்கூட அசைக்காத ஒரு சிறு துள்ளலுக்கு அது பொருந்தாது.

ஃபேசிகுலேஷன் என்ற சொல்லின் வேர் இலத்தீனில் உள்ளது. ஃபாஸ்கிஸ் என்றால் கட்டு. பண்டைய ரோமில் ஆட்சியாளருக்கு முன்னால் காவலர் சுமந்து சென்ற பிரம்புக் கட்டுக்கும் அந்தப் பெயரே. அதன் குறுமை வடிவமான ஃபாஸ்கிகுலுஸ் சிறு கட்டை, அதாவது கற்றையைக் குறிக்கும். டென்னி-பிரௌன், பென்னிபேக்கர் என்ற இரு மருத்துவர்கள் 1938இல் வெளியிட்ட கட்டுரைதான் இச்சொல்லை இன்றைய பொருளில் நிலைநிறுத்தியது. அதுவரை கண்ணுக்குத் தெரியும் துடிப்பையும் ஃபைப்ரிலேஷன் என்றே பலர் எழுதிவந்தனர். ஒற்றைத் தசைநாரின் துடிப்புக்கு மட்டுமே ஃபைப்ரிலேஷன் என்ற பெயரை ஒதுக்கவேண்டும் என்றும், கற்றையாகத் துடிப்பதற்கு வேறு சொல் வேண்டும் என்றும் அவர்கள் பிரித்துக் காட்டினர். ஒற்றை நாரின் துடிப்பு தோலின் மேல் தெரியாது; ஊசி மின்முனையைச் செருகிப் பதிவு செய்தால்தான் தெரியும். கற்றையின் துடிப்பையோ எதிரில் அமர்ந்திருப்பவரும் பார்த்துவிடலாம்.

இங்கே கற்றை என்பதை ஒரு நரம்புக்கு உட்பட்ட நார்க்கூட்டம் என்று கொள்ளவேண்டும். தண்டுவடத்திலோ மூளைத்தண்டிலோ உள்ள ஒரு நரம்பணுவிலிருந்து புறப்படும் இழை தசைக்குள் நுழைந்து கிளைத்துப் பல நார்களைத் தொடுகிறது; அந்த நரம்பணு ஒருமுறை தூண்டப்பட்டால் அந்த நார்கள் எல்லாம் ஒருசேரச் சுருங்கும். விழியை அசைக்கும் தசையில் ஓர் இழைக்குச் சுமார் 10 நார்களும், கெண்டைக்கால் தசையில் 1000க்கும் மேற்பட்ட நார்களும் உண்டு. மூளையின் ஆணை இல்லாமல் அந்த இழையில், பெரும்பாலும் அதன் கடைக்கோடியில், தானாக ஒரு மின்துடிப்பு எழுந்தால் அக்கூட்டம் மட்டும் துள்ளி அடங்குகிறது. தசையின் மற்ற பகுதி சும்மா இருப்பதால்தான் கால் நகர்வதில்லை. (கெண்டை என்ற பெயர் மீனை நினைவூட்டுவது போல, தசையைக் குறிக்கும் இலத்தீன் சொல்லான முஸ்குலுஸ் சுண்டெலியைக் குறிக்கும். தோலுக்கு அடியில் ஏதோ உயிர் ஒன்று நெளிவதாக இரண்டு மொழிக்காரர்களுக்கும் தோன்றியிருக்கிறது போலும்.)

தமிழில் இந்தத் துள்ளலைக் குறிக்கும் சொற்கள் பழையவை. கலித்தொகையில், பொருள்தேடிப் பிரிந்த தலைவன் திரும்புவான் என்பதற்கு நற்குறியாகத் தலைவி தன் இடக்கண் அசைவதைச் சொல்லும்போது "உண்கணும் ஆடுமால் இடனே" என்கிறாள். பழமொழியில் உள்ள அதே "ஆடு"தான் இது. சிலப்பதிகாரத்தில் இந்திரவிழா நாளில் கண்ணகியின் இடக்கண்ணும் மாதவியின் வலக்கண்ணும் "துடித்தன" என்று வருகிறது. பெண்ணுக்கு இடம் நன்மை, வலம் தீமை என்ற நம்பிக்கையை வைத்துக்கொண்டு, வரப்போகும் பிரிவை ஒரே சொல்லில் இளங்கோவடிகள் சுட்டிவிடுகிறார். உறுப்புகள் துடிப்பதற்குப் பலன் கூறும் நூலுக்குத் துடிநூல் என்றே பெயர் உண்டு. துடி என்பது இடை சுருங்கிய சிறு பறையின் பெயரும் ஆகும். பலனை நம்புவதும் விடுவதும் அவரவர் விருப்பம். ஆனால் எந்த உறுப்பு, எந்தப் பக்கம் என்று உற்றுப் பார்த்துப் பெயரிட்ட வழக்கம் நம்மிடம் இருந்திருக்கிறது என்பது சொல்லாக்கம் செய்வோருக்கு உதவும் செய்தி.

ஆகவே ஃபேசிகுலேஷனுக்குத் தசைத்துடிப்பு என்பதே என் தேர்வு. நுட்பமாக வேறுபடுத்தவேண்டிய இடத்தில் தசைக்கற்றைத் துடிப்பு என்று விரித்துக்கொள்ளலாம். இதயத்துக்கும் நாடிக்கும் துடிப்பு என்ற சொல் ஏற்கெனவே வழங்குகிறதே என்பர். "தசை" என்ற முன்னொட்டு அந்தக் குழப்பத்தைத் தீர்த்துவிடும். சீரான தாளத்தில் இருபுறமும் மாறிமாறி ஆடுவது நடுக்கம். தசை முழுவதும் இறுகிக்கொண்டு வலியெடுப்பது பிடிப்பு அல்லது குரக்குவலி. விடாமல் இழுத்துப்பிடிப்பது இசிவு. இவற்றை ஒன்றுக்குப் பதில் ஒன்றாக எழுதினால் நோயின் காரணமும் மாறிப்போகும்.

தசைத்துடிப்பின் காரணங்களில் பெரும்பாலானவை எளியவை: தூக்கமின்மை, அளவுக்கு மீறிய காபி அல்லது தேநீர், கடும் உடலுழைப்பு, மனவழுத்தம். இமைத்துடிப்பு சில நாள்களிலோ வாரங்களிலோ தானே அடங்கிவிடும். இரத்தத்தில் கால்சியமோ மக்னீசியமோ குறைந்தால் நரம்பிழையின் சவ்வு சிறு தூண்டலுக்கும் பொறிதட்டும் நிலைக்கு வந்துவிடுகிறது. நீரிறக்கும் மாத்திரைகளைத் தொடர்ந்து உண்போரிடம் இது நேரக்கூடும். தைராய்டு மிகுதியும், முதுகெலும்பருகே நரம்புவேர் அழுத்தப்படுவதும் வேறு காரணங்கள்.

துடிப்பு எப்படிப் பிறக்கிறது என்பதைத் தெளிவாகக் காட்டுவன இரண்டு நிலைகள். அறுவை அரங்கில் சக்சினில்கோலின் என்ற தசைத்தளர்த்தி மருந்தைச் செலுத்தியதும், மயக்கத்தில் கிடப்பவரின் உடலில் தோலின் கீழ் நண்டு ஊர்வது போல அலையலையாகத் துடிப்பு ஓடும். சற்று நேரத்தில் எல்லாம் அடங்கித் தசைகள் செயலற்றுப்போகும். நரம்பும் தசையும் சந்திக்குமிடத்தில் அம்மருந்து முதலில் தூண்டிவிட்டுப் பிறகு முடக்குகிறது. ஆர்கனோபாஸ்பரஸ் வகைப் பூச்சிமருந்து உடலில் ஏறினாலும் இதே சந்திப்பில் கோளாறு நிகழ்கிறது: நரம்பின் தூண்டலைத் தசைக்குக் கடத்தும் அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருளைச் சிதைக்கும் நொதி முடங்கிவிடுவதால் தூண்டல் ஓய்வதில்லை. வயலில் மருந்தடித்துவிட்டு வந்தவருக்கு வியர்வை, வாயில் நீரூறல், சுருங்கிய கண்மணி ஆகியவற்றோடு தசையும் துடித்தால் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

இணையத்தில் தேடுவோரை முதலில் அச்சுறுத்துவது, தசையை இயக்கும் நரம்பணுக்கள் படிப்படியாக அழியும் இயக்க நரம்பணு நோய். அந்நோயில் துடிப்பு உண்டு என்பது உண்மை; ஆனால் அதோடு வலுவிழப்பும் தசைமெலிவும் சேர்ந்து வரும்: சட்டைப் பொத்தான் போட வராது, சாவியைத் திருப்ப வராது. இவை எதுவுமில்லாமல் துடிப்பு மட்டுமே இருப்பவர்களுக்கு அது பெரும்பாலும் தீங்கற்றது.

இச்செய்திகளை எழுதுவோர் கவனிக்கவேண்டிய சொல் இன்னொன்று உண்டு. "தசை தன்னிச்சையாகத் துடிக்கிறது" என்று பலரும் எழுதுகிறார்கள். தன்னிச்சை என்றால் தன் விருப்பம். நம் விருப்பமின்றி நிகழ்வதைச் சொல்லவந்து அதற்கு நேர்மாறாகவும் படிக்கத்தக்க சொல்லைப் போட்டுவிடுகிறோம். அனிச்சை என்பது பொருளளவில் சரியாக வரும், ஆனால் பாடநூல்கள் அதை அனிச்சைச் செயலுக்கென்று எடுத்துக்கொண்டுவிட்டன. "தானாக" என்று எழுதினால் போதும். நான் திருத்திய கையேட்டில் அந்த வரி கடைசியில் இப்படி நின்றது: "இடது கெண்டைக்காலில் தானாக எழும் தசைத்துடிப்பு, வலுவிழப்பு இல்லை."